அதே பேச்சாளர், அதே ஊர், வேறு கருத்தரங்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் ஊர். பல வீடுகளின் பின்புறத்தில் நான்கைந்து தேன்பெட்டிகளாவது இருக்கும். ஊர் வாசகசாலையின் செயலாளர் என்ற முறையில் இரண்டு முறை தேனீ வளர்ப்புக் கருத்தரங்கு நடத்தியிருக்கிறேன். முதலாவது பாழ். இரண்டாவது முடிந்து கூடத்தைப் பூட்டிய பிறகும் ஜனங்கள் முற்றத்தில் நின்று தேனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். இடையில் ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தில் எதை எதைப் பிரித்து மாட்டினோம் என்பதை, இதுபோல் தங்கள் ஊரில் ஒரு கூட்டம் நடத்த நினைப்பவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

முதல் கருத்தரங்கு ஐப்பசியில் நடந்தது. சனிக்கிழமை காலை 9.30 மணி என்று நோட்டீசில் போட்டோம். ரப்பர் ஊரில் அந்த நேரம் செல்லாது. பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குவார்கள். வெட்டி, பால் எடுத்து, ஆசிட் சேர்த்து உறைய ஊற்றிவிட்டு வீடு திரும்பும்போது மதியம் நெருங்கிவிடும். தேன்பெட்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தாம். அவர்கள் வந்து சேர்ந்தபோது மேடையில் மூன்றாவது வாழ்த்துரை ஓடிக்கொண்டிருந்தது. குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் கரைந்திருந்தது. பேச்சாளர் எழுந்ததும் மழையும் பிடித்துக்கொண்டது. கூடத்துக்குத் தகரக் கூரை. மழைச் சத்தத்தில் அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. மைக்கின் ஒலியைக் கூட்டினால் ஒலிபெருக்கி ஊளையிட்டது. அவர் பாவம், 1 மணி 40 நிமிடம் பேசினார். சாப்பாட்டுக்குப் பிறகு 60 நாற்காலிகளில் 14 பேர் இருந்தார்கள்.

அன்று நடந்த இன்னொன்றுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. மூன்றாவது வரிசையில் ஓர் அக்கா மடியில் ஒரு வாழையிலைப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஐந்து நிமிடம் கேள்வி நேரம் என்று போட்டிருந்தோம். நேரமாகிவிட்டது என்று அதையும் விட்டுவிட்டு நன்றியுரைக்குப் போனோம். அவர் எழுந்து போகும்போது என்ன கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன். பிரித்துக் காட்டினார். உள்ளங்கை அளவு தேனடைத் துண்டு. அறைகளுக்குள் தேனீயின் இளம்புழுக்கள் செத்துக் கிடந்தன. "இது என்ன நோய் என்று கேட்கத்தான் வந்தேன் தம்பி" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். அதைப் பார்த்துச் சொல்லக்கூடிய மனிதர் பத்தடி தூரத்தில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார்.

வாசகசாலைக் குழுவில் முதலில் எழுந்த பேச்சு, அடுத்த முறை வேறு பேச்சாளரை அழைக்கலாம் என்பது. நான் மறுத்தேன். அவர் வேளாண் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெட்டியைத் திறந்து, தேனீ அடை கட்டும் சட்டத்தைத் தூக்கிப் பார்த்த மாத்திரத்தில் ராணி இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். குறை அவரிடம் இல்லை. அவர் யாரிடம் பேசுகிறார், அவர்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று நாங்கள் அவருக்குச் சொல்லவே இல்லை. எனவே அதே பேச்சாளரைத்தான் மறுபடியும் அழைப்பது, கருத்தரங்கை மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தோம்.

முதல் வேலையாக 40 பக்க நோட்டு ஒன்றை வாங்கினேன். மாசி, பங்குனி மாதங்களில் சாயங்காலம் வீடு வீடாகப் போனேன். கருத்தரங்குக்கு வாருங்கள் என்று கூப்பிடவில்லை. "தேனீ விஷயத்தில் உங்களுக்குத் தீராத சந்தேகம் ஒன்று சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டேன். சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். 27 வீடுகளில் 43 கேள்விகள் கிடைத்தன. அந்த நேரம் தேன் எடுக்கும் காலம் என்பது நல்லதாய்ப் போயிற்று. எங்கள் பக்கம் தேன் என்றால் ரப்பர்த் தேன்தான். மார்கழி, தை வாக்கில் இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும்போது, மூன்று இலைகளும் காம்பில் சேரும் இடத்தில் மதுச்சுரப்பிகள் கசியும். தேனீக்கள் மொய்ப்பது பெரும்பாலும் அங்கேதான், பூவில் குறைவு. அப்போது பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவரிடம் கேட்டால் கேள்வி சுடச்சுட வரும்.

43 கேள்விகளையும் வெட்டித் தரையில் பரப்பிப் பிரித்தபோது மூன்று குவியலாக நின்றன. தேன் ஏன் புளித்து நுரைக்கிறது என்பது ஒன்று. மழைக்காலத்தில் தேனீக் கூட்டம் ஏன் பெட்டியை விட்டு ஓடிப்போகிறது என்பது இரண்டாவது. மூன்றாவது, புழு சாகிற நோய். "தேனீ வளர்ப்பின் வரலாறும் வருங்காலமும்" என்று சென்ற முறை நாங்கள் வைத்த தலைப்பை ஒருவர்கூடக் கேட்டிருக்கவில்லை.

வரலாறு எனக்குப் பிடித்த விஷயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1920களில் இந்தப் பகுதி திருவிதாங்கூரில் இருந்தபோது, மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. ஊரகச் சீரமைப்பு மையத்தை ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திவந்தார். பெட்டியில் தேனீ வளர்ப்பது இங்கே வேரூன்றியதில் அந்த மையத்துக்குப் பெரும் பங்கு உண்டு. செய்து காட்டு, செய்ய வை என்பதுதான் அவர்கள் சொல்லிக்கொடுத்த முறை. அந்த வழியில் வந்த மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்படிப்பட்ட தொழிலை நாற்காலியில் உட்காரவைத்து உபந்நியாசமாகச் சொன்னது எங்கள் தவறு.

நாள் குறிப்பதற்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிற்று. மே 20 உலகத் தேனீ நாள். 2018 முதல் கொண்டாடுகிறார்கள். அந்த நாளிலேயே வைக்கலாம் என்று இளைஞர்கள் விரும்பினார்கள். அது வார நடுவில் வந்தது. ஞாயிறு காலை பாதி ஊர் ஆலயத்தில் இருக்கும். மாலையில் கல்யாண வீட்டுப் போக்குவரத்து. கடைசியில் அந்த நாளுக்கு முந்தைய சனிக்கிழமை, மதியம் 2 மணி முதல் 5.15 வரை என்று நின்றது. பால்வெட்டு முடிந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு வரலாம். 5.40க்கு அருமனை பக்கம் போகும் பஸ்ஸைப் பிடிக்கலாம். தென்மேற்குப் பருவமழை ஜூனில்தான் தொடங்கும் என்றாலும் மலையடிவாரத்தில் மே மாதச் சாயங்காலங்களில் கோடைமழை இடியோடு வரும். அதனால் தகரக் கூடத்தைக் கைவிட்டு, கான்கிரீட் கூரை போட்ட ஒரு பாலர் பள்ளியின் கூடத்தைக் கேட்டு வாங்கினோம். கோடை விடுமுறையில் அது காலியாகத்தான் கிடந்தது.

பேச்சாளரைப் பார்க்க நேரில் போனேன். நோட்டை அவர் கையில் கொடுத்தேன். மூன்று கேள்விக் குவியல்; ஒவ்வொன்றுக்கும் நீங்கள் 15 நிமிடம், ஜனங்கள் 25 நிமிடம் என்று சொன்னேன். வருத்தப்படுவாரோ என்று தயங்கிக்கொண்டுதான் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 43 கேள்விகளையும் படித்தார். "இதைப் போன முறையே தந்திருக்கலாமே தம்பி" என்றார். அவ்வளவுதான்.

கூடம் ஒழுங்கு செய்தது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேடையைப் பயன்படுத்தவில்லை. நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் பின்வரிசைக்காரர் முன்வரிசைக்காரரின் பிடரியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். பள்ளி மேசைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து ஏழு இடங்களில் போட்டு, ஒவ்வொன்றையும் சுற்றி எட்டு நாற்காலிகள் வைத்தோம். பேச்சாளர் நடுவில் நடமாட வழி விட்டோம். ஒவ்வொரு மேசையிலும் ஒரு காலித் தேன்பெட்டி: அடிப்பலகை, புழு அறை, தேன் அறை, மேல்மூடி எல்லாம் தனித்தனியாகக் கழற்றியபடி. வந்தவர்கள் உட்கார்ந்ததும் யாரும் சொல்லாமலே அதை எடுத்து அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நியூட்டன் பெட்டி என்னும் இந்த வகைத் தேன்பெட்டியின் புழு அறையில் ஏழு சட்டம். ஒரு மேசையில் ஆறுதான் இருந்தது. அந்த ஏழாவது சட்டத்தைத் தேடியே முன்பின் தெரியாத எட்டுப் பேரும் பழகிவிட்டார்கள்.

மைக் செட்டுக்காரரை ஒரு மணி நேரம் முன்னதாக வரச் சொன்னேன். சென்ற முறை ஒலிபெருக்கிகள் பேசுகிறவருக்குப் பின்னால் இருந்தன. அதில் வரும் சத்தம் மறுபடி மைக்குக்குள் போய்ச் சுற்றுவதால்தான் ஊளை. இந்த முறை ஒலிபெருக்கிகளை முன்னால் இரண்டு மூலைகளில் கூட்டத்தைப் பார்க்க வைத்து, பேச்சாளர் மைக்கோடு அவற்றுக்கு நேர் முன்னால் போய் நிற்காமல் பார்த்துக்கொண்டோம். கையில் பிடிக்கும் கம்பியில்லா மைக் ஒன்று கூடுதலாக வாங்கினோம். அதை மேசைக்கு மேசை கொண்டுபோக எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியை நியமித்தோம். கையைத் தூக்குகிறவரைப் பார்த்து ஓடிப்போய்க் கொடுப்பது மட்டுமே அவள் வேலை. பெரியவர் ஒருவர் மைக்கை விடாமல் பேசிக்கொண்டே போனபோது, "பாட்டா, அடுத்த மேசையில் அக்கா காத்திருக்கிறார்கள்" என்று அவள் கையை நீட்டினாள். அவரும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார். பெரிய மனிதர்கள் சொல்லியிருந்தால் மனத்தாங்கல் வந்திருக்கும்.

அழைப்பு விஷயத்தில், டீக்கடையிலும் ரப்பர் ஷீட் வாங்கும் கடையிலும் நோட்டீஸ் ஒட்டினோம். அதைவிட, கேள்வி தந்த 27 வீடுகளுக்கும் போய், "உங்கள் கேள்வி இத்தனை மணிக்கு வருகிறது" என்று சொன்னதுதான் பலித்தது. தன் கேள்விக்குப் பதில் வரும் நேரம் தெரிந்தவர் வராமல் இருக்க மாட்டார். கூடவே ஒரு வார்த்தை: இந்த வருடம் எடுத்த தேனில் ஒரு சிறிய புட்டி கொண்டுவாருங்கள்.

அந்தப் புட்டிதான் கருத்தரங்கின் உயிர் என்று அப்போது எனக்குத் தெரியாது. தேனின் ஈரப்பதம் அளக்கும் சிறு கருவி உண்டு. கடையில் ரிஃப்ராக்டோமீட்டர் என்று கேட்க வேண்டும். பேனாவைவிடத் தடிமனாக, ஒரு சாண் நீளத்தில் இருக்கும். 1,600 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கினோம். வாசலிலேயே ஒரு மேசை போட்டு, பெயர் எழுதும்போதே ஒவ்வொருவர் தேனிலும் ஒரு துளி எடுத்து, சாய்ந்த கண்ணாடியில் தடவி, மூடியை அழுத்தி, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்துப் படிக்கச் சொன்னோம். நாங்கள் படித்துச் சொல்லவில்லை. அவரவர் கண்ணால் பார்த்து அவரவர் எண்ணைக் கரும்பலகையில் தாங்களே எழுதினார்கள்.

ஒரு பாட்டா ஹார்லிக்ஸ் புட்டியில் தேன் கொண்டுவந்திருந்தார். மூடியைத் திறக்கும்போதே புஸ் என்று காற்று வந்தது. மேலே வெள்ளை நுரை. கருவியைக் கண்ணில் வைத்து நெடுநேரம் பார்த்தார். நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு 24இல் நின்றது, அதாவது 24 சதவீத ஈரம். பின்னால் வந்த அவருடைய பக்கத்து வீட்டு மருமகளின் தேன் 19. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கையாலைச் சுவர்தான். ஒரே தோட்டத்துத் தேனீக்கள் என்றுகூடச் சொல்லலாம். பாட்டா பலகையைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். "மக்களே, நீ எத்தனை நாளைக்கு ஒருமுறை எடுத்தாய்?" என்று கேட்டார். அவள் சொன்னாள்: "நாள் கணக்கு வைக்கவில்லை பாட்டா. அடையில் முக்கால் பங்கு அறைகளுக்குத் தேனீ மூடி போட்ட பிறகுதான் எடுத்தேன்." பாட்டா ஏழு நாளுக்கு ஒருமுறை, மூடியிருந்தாலும் இல்லாவிட்டாலும் எடுத்திருக்கிறார்.

பேச்சாளர் நிகழ்ச்சியை இந்த இடத்திலிருந்தே தொடங்கிவிட்டார். விளக்கு ஏற்றவில்லை, வரவேற்புரை இரண்டு நிமிடம். கரும்பலகை முன் நின்று, 20க்குக் கீழே உள்ளவர்கள் மட்டும் எழுந்து நில்லுங்கள் என்றார். ஒன்பது பேர் எழுந்தார்கள். "இவர்கள்தான் இன்றைக்கு ஆசிரியர்கள். மேசைக்கு ஒருவராகப் போய், எப்போது எடுத்தீர்கள், எதில் வைத்தீர்கள் என்று சொல்லுங்கள்" என்றார். அதற்குப் பிறகுதான் காரணத்தை விளக்கினார். தேனீ கொண்டுவரும் மதுவில் தண்ணீர் அதிகம். கூட்டுக்குள் இறக்கையால் விசிறி விசிறி அதை வற்றவைத்து, பதம் வந்த பிறகே மெழுகு மூடி போடுகிறது. அதற்கு முன் நாம் எடுத்தால் தண்ணீர் மிஞ்சும். அந்த ஈரத்தில் நொதி நுண்ணுயிர்கள் பெருகி நுரை கட்டும், புளிக்கும். பதமான தேனும் எங்கள் ஊர்க் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், வடிகட்டும்போது திறந்தே வைத்திருக்கக் கூடாது. 15 நிமிடத்தில் சொல்லி முடித்தார். கேட்டவர்கள் முன்னால் அவரவர் எண் பலகையில் இருந்தது. ஒருவர் கண்ணும் வேறு பக்கம் போகவில்லை.

இரண்டாவது குவியல், மழைக்காலத்தில் தேனீக் கூட்டம் பசியால் ஓடிப்போவது. இது சீக்கிரம் முடிந்தது, ஏனென்றால் பதில் ஊரிலேயே இருந்தது. சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்த பாகைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி, தேனீ மூழ்காமல் இருக்கக் குச்சிகளைப் போட்டு, பொழுது சாய்ந்த பிறகு பெட்டிக்குள் வைக்க வேண்டும். பகலில் வைத்தால் வேறு பெட்டித் தேனீக்கள் கொள்ளையடிக்க வரும். ஒரு பெட்டிக்கு வைத்தால் அன்றே எல்லாப் பெட்டிக்கும் வைக்க வேண்டும். இதையெல்லாம் சொன்னவர்கள் அந்தந்த மேசைக்காரர்களே. பேச்சாளர் தலையசைத்ததோடு சரி.

நடுவில் 20 நிமிட இடைவேளை. பிஸ்கட் கொடுக்கலாம் என்று சொன்னார்கள். நான் கேட்கவில்லை. அவித்த மரச்சீனிக் கிழங்கு, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி என்னும் துவையல், பாலில்லாத கட்டன்சாயா. கிழங்கு சுடச்சுட இருந்ததால் ஜனங்கள் நின்றபடி ஊதி ஊதித் தின்றுகொண்டே பேசினார்கள். அந்த 20 நிமிடத்தில் நடந்த பேச்சையும் நிகழ்ச்சியின் பகுதியாகவே எண்ணுகிறேன்.

இடைவேளைக்குப் பிறகு முதல் கேள்வி, வாழையிலைப் பொட்டலத்து அக்காவுடையது. வீட்டுக்கு மூன்று தடவை போய் அவரை வரச் சொல்லியிருந்தேன். இந்த முறையும் அடைத் துண்டு கொண்டுவந்திருந்தார், பிளாஸ்டிக் டப்பாவில் மூடி. பேச்சாளர் ஒரு ஈர்க்குச்சியால் புழு ஒன்றை மெல்லத் தூக்கிக் காட்டினார். அறைக்குள் நிமிர்ந்தபடி, தலை மேல்நோக்கி வளைந்து ஒரு சின்னஞ்சிறு தோணிபோல் இருந்தது. தூக்கியபோது தோல் கிழியாமல் நீர் நிறைந்த பை மாதிரித் தொங்கியது. தாய் சாக் புரூட் என்னும் வைரஸ் நோய். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியா முழுக்க இந்தியத் தேனீக் கூட்டங்களை வாரிக்கொண்டு போனது இதுதான். அந்தப் பெயரைச் சொன்னதும் வயதானவர்கள் பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெட்டிகளைத் துடைத்துப் பரணில் போட்ட வருடங்கள் அவை.

மருந்து கிடையாது என்று அவர் நேராகவே சொன்னார். நோய் கண்ட பெட்டியின் சட்டங்களை வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள், கையையும் கருவிகளையும் கழுவாமல் அடுத்த பெட்டியைத் தொடாதீர்கள், நலிந்த கூட்டத்தை வைத்து இனப்பெருக்கம் செய்யாதீர்கள், நோயைத் தாங்கி நிற்கும் கூட்டத்திலிருந்து பிரித்தெடுங்கள் என்றார். அக்கா ஒன்றொன்றையும் எழுதிக்கொண்டார். பிறகு, "அப்படியென்றால் தப்பு என்னுடையது இல்லையா சார்?" என்று கேட்டார். "இல்லை அம்மா" என்றார் அவர். கூடத்தில் அவ்வளவு அமைதியை நான் கண்டதில்லை.

செலவுக் கணக்கு: மைக் செட் 1,200, கிழங்கும் சாயாவும் 2,700, பேச்சாளர் போக்குவரத்து 800, நோட்டீஸ் 350, கருவி 1,600, ஆக 6,650 ரூபாய். 12 பேர் ஆளுக்கு 500 கொடுத்தார்கள். மீதி 650 வாசகசாலைச் சந்தாவிலிருந்து. பொன்னாடைக்குச் செலவில்லை, பேச்சாளருக்கு 19 எண் தேன் ஒரு புட்டி கொடுத்தோம்.

சரியாக அமையாததையும் குறிக்க வேண்டும். கடைசி அரை மணி, வெளியே மாமரத்தடியில் உயிருள்ள பெட்டி ஒன்றைத் திறந்து காட்டுவதாகத் திட்டம். கொட்டினால் உடம்புக்கு ஆகாதவர்கள் யார் என்று முன்பே கேட்டு, அவர்களைத் தள்ளி நிற்க வைத்தோம். அவசரத்துக்கு ஒரு கார் வாசலில் நின்றது. அதில் குறையில்லை. ஆனால் 52 பேரை மூன்று குழுவாகப் பிரித்தபோது, முதல் குழு ராணியைத் தேடிக் கண்டுபிடிக்கவே 15 நிமிடம் எடுத்துக்கொண்டது. மூன்றாவது குழு போகும்போது மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்காற்றில் தேனீக்களுக்குக் கோபம் வரும், பெட்டியை மூடிவிட்டோம். அந்தக் குழுவில் இருந்தவர்களில் பலர் பெண்கள். மறு வாரம் அவர்களுக்காகத் தனியாக ஒரு நாள் காலை திறந்து காட்டினேன். அடுத்த முறை இரண்டு பெட்டிகள், இரண்டு மரத்தடி.

ஈரமானி இப்போது வாசகசாலை அலமாரியில் இருக்கிறது. புத்தகம்போலவே பதிவேட்டில் எழுதி எடுத்துப்போகலாம், மூன்று நாள் தவணை. இந்தப் பருவத்தில் முதல் ஆளாக எடுத்துப்போனவர் அந்தப் பாட்டா. திருப்பிக் கொடுக்கும்போது பதிவேட்டின் குறிப்புப் பகுதியில் 20 என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

புதிய நோட்டு வாங்கியாயிற்று. இதுவரை 11 கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் ஆறு, சுவர்ப் பொந்தில் இருக்கும், கொட்டாத சிறு தேனீயான கொசுத்தேனீயைக் கலைக்காமல் பெட்டிக்கு மாற்றுவது எப்படி என்பது.